ஃபிரிட்ஜ் கதவில் ஒரு காந்தம்

ஐஸ்லாந்தின் தலைநகர் ரேக்யவிக். பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் ஒரு வீட்டின் சமையலறை. ஃபிரிட்ஜ் கதவில் பள்ளி நாட்காட்டி, பல் மருத்துவரைப் பார்க்க வேண்டிய தேதி, கடைக்குட்டி கிறுக்கிய ஒரு படம். இவற்றுக்கு நடுவே ஒரு சின்னக் காந்தப் பட்டை. அதில் பிள்ளைகளின் வயதும் பக்கத்தில் சில மணிக்கணக்கும் அச்சாகியிருக்கின்றன. எட்டு, பத்து, பன்னிரண்டு. பால் எடுக்கக் கதவைத் திறப்பவர்கள் யாரும் நின்று அதைப் படிப்பதில்லை. சுவர்க் கடிகாரம் போல அது பாட்டுக்கு இருக்கிறது. ஆனால் அது அங்கே வந்து ஒட்டிக்கொள்வதற்குள் ஒரு நாடு எழுபத்துச் சொச்சம் ஆண்டுகள் தடை போட்டுப் பார்த்துத் தோற்றிருந்தது. அந்தத் தோல்வியின் கதை, ஆச்சரியமாக, கருவாட்டிலிருந்து தொடங்குகிறது.

1908-ல் ஐஸ்லாந்து மக்கள் வாக்கெடுப்பு நடத்தி, மது வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். 1915 ஜனவரி முதல் தேதி தடை முழுமையாக அமலுக்கு வந்தது. டென்மார்க் மன்னரின் கீழ் இருந்த, மீனை விற்று வயிறு கழுவிய சின்னத் தீவு அது. அங்கே பிடித்து உப்பிட்டு உலர்த்திய காட் மீனின் பெரிய வாடிக்கையாளர் ஸ்பெயின். எங்கள் ஒயினை நீங்கள் வாங்காவிட்டால் உங்கள் மீனை நாங்கள் வாங்கமாட்டோம் என்றது அந்த நாடு. தீவு யோசித்துப் பார்த்தது. மீன் போனால் சோறு போகும். 1922-ல் ஒயினுக்கு மட்டும் கதவு திறந்தது. ஒரு கதவு திறந்தால் அடுத்தது எத்தனை நாள் மூடியிருக்கும்?

1933-ல் இன்னொரு வாக்கெடுப்பு. 1935-ல் விஸ்கி, ஜின், உள்ளூர்ச் சாராயமான பிரென்னிவின் என எல்லாம் சட்டப்படி கடைக்கு வந்தன. ஆனால் ஒன்று மட்டும் வரவில்லை. பீர்! பீர் மலிவு, குடிக்கச் சுலபம், இளைஞர்களும் தொழிலாளிகளும் அதில்தான் முதலில் விழுவார்கள் என்று நல்ல மனதோடு வாதாடியவர்கள் வென்றார்கள். 2.25 சதவீதத்துக்கு மேல் சாராயச் சத்துள்ள பீர் குற்றம். அதைப்போல் பல மடங்கு கடுமையான சாராயம் சட்டப்படி சரி. இந்தத் தலைகீழ் ஏற்பாடு அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. 1980-களில் ரேக்யவிக் விடுதிகள் சத்தில்லாத பீரில் சாராயத்தை ஊற்றிக் கலந்து விற்றன. 1985-ல் அந்தக் கலவைக்கும் தடை வந்தது. கடைசியில் 1989 மார்ச் முதல் தேதி பீர் சட்டப்படி விற்பனைக்கு வந்தபோது, இளைஞர்களைக் காப்பதற்காகப் பிறந்த தடை இளைஞர்களை எங்கே கொண்டுவந்து விட்டிருந்தது என்பது வெள்ளிக்கிழமை இரவுகளில் வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது.

1990-களின் ரேக்யவிக் வெள்ளிக்கிழமை இரவை நினைவில் வைத்திருப்பவர்கள் அதை வெட்கத்தோடுதான் சொல்கிறார்கள். நகரின் மையத் தெருக்களில் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக, போதையில். கத்தல், தள்ளுமுள்ளு. பெரியவர்கள் அந்த நேரத்தில் அந்தப் பக்கம் போகவே யோசித்தார்கள். பள்ளிகளில் போதையின் கேடுகளைப் பற்றிப் பாடம் நடக்காமல் இல்லை. பிள்ளைகள் கேட்டார்கள், தலையாட்டினார்கள், வெள்ளிக்கிழமை ஆனதும் தெருவுக்குப் போனார்கள்.

அமெரிக்காவிலும் அதே பாடுதான். அங்கே 1983-ல் லாஸ் ஏஞ்சலிஸ் காவல்துறை, சீருடை அணிந்த போலீஸ்காரர்களையே வகுப்பறைக்கு அனுப்பிப் போதையின் தீமையைப் போதிக்கும் டேர் என்ற திட்டத்தைத் தொடங்கியது. நாடு முழுக்க அது பரவியது. பெற்றோர்களுக்குப் பிடித்திருந்தது, போலீசுக்குப் பிடித்திருந்தது. பத்தாண்டு கழித்து ஆய்வாளர்கள் உட்கார்ந்து கணக்குப் பார்த்தபோது, அந்தப் பாடத்தைக் கேட்ட பிள்ளைகளுக்கும் கேட்காத பிள்ளைகளுக்கும் போதைப் பழக்கத்தில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே இல்லை. பயமுறுத்தலும் பலிக்கவில்லை, தடையும் பலிக்கவில்லை என்றால் மிச்சம் என்ன இருக்கிறது? அந்த மிச்சத்தை, யாரும் கவனிக்காத ஓர் இடத்தில், ஓர் இளைஞர் அதற்கு முன்பே கையில் வைத்துக்கொண்டு திரிந்தார்.

அவர் பெயர் ஹார்வி மில்க்மன். 1970-களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் உளவியல் பயிற்சியில் இருந்தார். போதையில் விழுந்தவர்கள் நாள் தவறாமல் வந்து சேரும் இடம் அது. மற்றவர்கள் ஹெராயின் உடம்பை என்ன செய்யும் என்று ஆராய்ந்தபோது, மில்க்மன் கேள்வியை வேறு பக்கம் திருப்பினார். இவன் ஏன் ஹெராயினைத் தேடிப் போகிறான், அவன் ஏன் ஆம்ஃபிடமினைத் தேடிப் போகிறான்? பதிலும் கிடைத்தது. வாழ்க்கையின் நெருக்கடி தாங்காமல் மரத்துப்போக நினைப்பவன் ஹெராயினுக்குப் போனான். முட்டி மோதிப் பார்க்க நினைப்பவன் ஆம்ஃபிடமினுக்குப் போனான். ஆக, மனிதர்கள் தேடியது மருந்தை அல்ல, அந்த மருந்து தங்கள் மூளைக்குள் உண்டாக்கும் மாற்றத்தை. இதையே அவர் தன் முனைவர் பட்ட ஆய்வாக எழுதினார். அதிலிருந்து இன்னொரு கேள்வி முளைத்தது, அது அவரை விடவில்லை.

மூளைக்குள் நடக்கும் மாற்றம்தான் போதை என்றால், அதை மருந்தில்லாமல் கொடுக்க முடியாதா? காரின் சக்கரமூடியைத் திருடி ஓடும் பையனுக்கு அந்த ஓட்டத்திலேயே ஒரு கிறக்கம் இருக்கிறது. பாடுவதிலும் இருக்கிறது, ஆடுவதிலும் இருக்கிறது. 1992-ல் டென்வர் நகரில், 12 லட்சம் டாலர் அரசு மானியத்தோடு அவர் குழு ஒரு முயற்சியில் இறங்கியது. போதைப் பழக்கமோ சில்லறைத் திருட்டோ ஒட்டிக்கொண்ட, பதினான்கு வயதும் அதற்கு மேலுமான பிள்ளைகளை அழைத்தார்கள். சிகிச்சை என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. என்ன கற்றுக்கொள்ள ஆசை என்று மட்டும் கேட்டார்கள். பாட்டா, ஹிப்ஹாப் நடனமா, ஓவியமா, கராத்தே மாதிரியான சண்டைக் கலையா? மூன்று மாதத் திட்டம் என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். சில பிள்ளைகள் ஐந்து ஆண்டுகள் போக மறுத்தார்கள்.

இந்த இடத்தில் கதைக்கு அதிர்ஷ்டம் அடித்தது. 1991-ல் மில்க்மனை ஐஸ்லாந்து பேச அழைத்திருந்தது. அங்கே டிண்டார் என்ற இடத்தில், இளையவர்கள் தங்கிச் சிகிச்சை பெறும் நாட்டின் முதல் போதை மீட்பு மையத்துக்கு ஆலோசகரானார். அதன்பின் கோடைதோறும் வந்துபோனார். அந்தப் பேச்சுகளைக் கவனித்தவர்களில் ஐஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் இளம் ஆய்வாளர் ஒருவரும் இருந்தார். பெயர் இங்கா டோரா சிக்ஃபூஸ்டாட்டிர். சிக்ஃபூஸின் மகள் இங்கா டோரா என்று அதற்குப் பொருள். நம்மைப்போலவே அங்கேயும் பெரும்பாலானவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயர்தான். ஊரே ஒருவரையொருவர், பிரதமர் உட்பட, சொந்தப் பெயர் சொல்லித்தான் கூப்பிடும். இங்கா டோரா கேட்ட கேள்வி மில்க்மனின் கேள்வியைவிட ஒரு படி முன்னால் இருந்தது. விழுந்த பிள்ளைகளைத் தூக்க இந்த வழி என்றால், விழாத பிள்ளைகளை விழாமல் வைத்திருக்க இதே வழியை ஏன் பயன்படுத்தக்கூடாது?

ஆனால் விழுந்தவர்கள் எத்தனை பேர், விழாதவர்கள் எத்தனை பேர் என்பதே யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. ஆகவே எண்ணினார்கள். இந்தக் கதையில் என்னை அதிகம் ஈர்ப்பது இந்த எண்ணிக்கைதான். 1992-ல் ஐஸ்லாந்தின் ஒவ்வொரு பள்ளியிலும் 14, 15, 16 வயதுப் பிள்ளைகளின் மேசையில் ஒரு கேள்வித்தாள் வைக்கப்பட்டது. பெயர் எழுத வேண்டாம். எந்த அடையாள எண்ணும் வேண்டாம். குடித்துப் பார்த்திருக்கிறாயா? கடைசியாகப் போதையானது எப்போது? சிகரெட் உண்டா? அப்பா அம்மாவோடு எவ்வளவு நேரம் இருக்கிறாய்? பள்ளி முடிந்ததும் என்ன செய்கிறாய்? எழுதி முடித்ததும் கூடவே தரப்பட்ட உறையில் போட்டு, பிள்ளையே ஒட்டிக் கொடுத்தால் போதும். ஆசிரியரோ பெற்றோரோ பார்க்க வழியில்லை. பொய் சொல்லத் தேவையே இல்லாத ஒரு தாள் கையில் வந்ததும், பிள்ளைகள் உண்மையை எழுதினார்கள்.

1995-லும் 1997-லும் மறுபடி எண்ணினார்கள். வந்த விடை பெரியவர்களைக் கலக்கிவிட்டது. ஏறக்குறைய நான்கில் ஒரு பிள்ளை தினமும் புகைத்தது. நாற்பது சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள் முந்தைய ஒரே மாதத்தில் போதையாகியிருந்தார்கள். எந்தப் பள்ளியில் நிலைமை மோசம், எந்தப் பள்ளியில் பரவாயில்லை என்பதுவரை கணக்கு சொன்னது. ஆனால் அந்தத் தாள்களில் புதையல் வேறு பக்கத்தில் இருந்தது. குடிக்கிற பிள்ளைகளைப் பற்றிய பதில்களை விட்டுவிட்டு, குடிக்காத பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தார் இங்கா டோரா.

நாலு விஷயங்கள் துலக்கமாகத் தெரிந்தன. வாரத்துக்கு மூன்று நான்கு முறை விளையாட்டு, இசை என்று ஒழுங்கான ஏதோ ஒன்றில் சேர்ந்திருந்த பிள்ளைகள் குடிக்கவில்லை. பள்ளியில் தன்மேல் அக்கறை இருக்கிறது என்று உணர்ந்த பிள்ளைகள் குடிக்கவில்லை. இரவில் நேரம் கழித்து வெளியே சுற்றாத பிள்ளைகள் குடிக்கவில்லை. நாலாவது விஷயம்தான் பெற்றோர்களைச் சுட்டது. வார நாட்களில் பெற்றோரோடு அதிக நேரம் இருந்த பிள்ளைகள் குடிக்கவில்லை. வேலைக்குப் போகும் பெற்றோர்கள் அதுவரை ஒரு நம்பிக்கையில் மனதைத் தேற்றியிருந்தார்கள். கொஞ்ச நேரம் ஆனாலும் நல்லபடியாகச் செலவழித்தால் போதும் என்பது அந்த நம்பிக்கை. கணக்கு அதை ஒப்புக்கொள்ளவில்லை. எப்போதாவது ஒரு சிறப்பான ஞாயிற்றுக்கிழமை போதவில்லை. பேசாமல் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருக்கும் சாதாரணச் செவ்வாய்க்கிழமை சாயங்காலங்களும் சேர்ந்துதான் பிள்ளையைக் காத்தன. இதைப் படிக்கும்போது எந்தப் பெற்றோருக்கும் கொஞ்சம் நெஞ்சு அடைக்கும். அன்றைய ரேக்யவிக் பெற்றோர்களுக்கும் அடைத்திருக்க வேண்டும்.

1997-ல் அரசும் ரேக்யவிக் மாநகராட்சியும், போதைக்கு எதிரான ஐரோப்பிய நகரங்களின் கூட்டமைப்பும் சேர்ந்து ஒரு திட்டத்தை அறிவித்தன. பெயர் பெரியது: 2002-க்குள் போதையில்லா ஐஸ்லாந்து. 2002 வந்தது, போதை இல்லாமல் போகவில்லை. பெயரை மட்டும் பார்த்தால் அது தோல்வி. பல நாடுகளில் இந்த இடத்தில் கோப்பை மூடிக் கட்டி வைத்திருப்பார்கள். ஐஸ்லாந்து மூடவில்லை, ஏனென்றால் ஆண்டுதோறும் வந்த கேள்வித்தாள்கள் வேறு ஒன்றைச் சொல்லத் தொடங்கியிருந்தன.

அதற்குள் சட்டங்கள் மாறியிருந்தன. பதினெட்டுக்குள் இருப்பவருக்குப் புகையிலை கிடையாது, இருபதுக்குள் இருப்பவருக்கு மது கிடையாது, இரண்டுக்கும் விளம்பரம் கூடாது. 1998-லிருந்து சுயமாக முடிவெடுக்கும் வயது பதினாறிலிருந்து பதினெட்டாக உயர்ந்தது. பதினாறு வயதுக்காரர் அதுவரை சட்டத்தின் பார்வையில் தன் வாழ்க்கைக்குத் தானே பொறுப்பாளி, இனி அவர் பெற்றோரின் பிள்ளை. ஒவ்வொரு பள்ளியிலும் பெற்றோர் சங்கம் இருந்தாக வேண்டும் என்றும் ஆனது. அந்தச் சங்கங்களில் பெற்றோர்கள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். பெரியவர்கள் இல்லாத விருந்துக்குப் பிள்ளையை அனுப்பமாட்டோம், வயது வராதவருக்கு மது வாங்கித் தரமாட்டோம், அடுத்த வீட்டுப் பிள்ளையின் மேலும் ஒரு கண் வைப்போம். வெள்ளிக்கிழமை இரவுகளில் பெற்றோர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து தங்கள் பகுதித் தெருக்களில் நடக்கத் தொடங்கினார்கள். யாரையும் பிடித்துக் கொடுப்பதற்கு அல்ல. தெருவில் பெரியவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தால் போதும். ஆனால் ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. பிள்ளை எத்தனை மணிக்கு வீட்டுக்கு வர வேண்டும்?

இதற்கான விதி ஏற்கெனவே காகிதத்தில் இருந்தது. யாரும் சட்டை செய்யவில்லை, அவ்வளவுதான். 2002-ன் குழந்தைகள் பாதுகாப்புச் சட்டம் அதை மறுபடி அழுத்திச் சொன்னது. பன்னிரண்டு வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்கள் பெரியவர் துணையில்லாமல் இரவு எட்டு மணிக்கு மேல் வெளியே கூடாது. பதின்மூன்று முதல் பதினாறு வயதுவரை பத்து மணி. மே முதல் தேதியிலிருந்து செப்டம்பர் முதல் தேதிவரை இரண்டுக்குமே இரண்டு மணி நேரம் சலுகை. ஊரடங்கு என்றதும் நமக்கு லத்தியும் சைரனும் நினைவுக்கு வரும். அந்தச் சொல்லின் உள்ளே இருக்கும் பொருளோ ஊர் அடங்கும் நேரம் என்பதுதான். அந்தப் பொருளில்தான் ஐஸ்லாந்துக்காரர்கள் இதை எடுத்துக்கொண்டார்கள். இதற்கு அவர்கள் மொழியில் இருக்கும் பெயரே, வெளியே இருக்கும் நேரம் என்பது.

நம் வீடுகளில் இதற்குச் சட்டம் தேவைப்பட்டதில்லை. விளக்கு வைப்பதற்குள் வீடு வந்து சேர் என்ற ஒரு வாக்கியம் தலைமுறைகளுக்குப் போதுமானதாக இருந்தது. சூரியனே கடிகாரம். ஐஸ்லாந்தில் அந்த வாக்கியம் செல்லாது. டிசம்பரில் ரேக்யவிக்கின் சூரியன் பிற்பகல் மூன்றரை மணிக்கே மறைந்துவிடும். விளக்கு வைப்பதற்குள் என்றால் பிள்ளை பள்ளியிலிருந்தே திரும்பியிருக்காது. ஜூனில் நள்ளிரவுவரை வெயில் அடிக்கும். விளக்கு வைப்பதற்குள் என்றால் பிள்ளை வீட்டுக்கே வராது. வானம் பொழுதைச் சொல்லாத ஊரில், பொழுதை வேறு ஏதாவது ஒன்று சொல்ல வேண்டும். தினமும் கண்ணில் படுகிற, தொலைந்துபோகாத, அம்மாவும் பிள்ளையும் ஒருநாளில் பத்துத் தடவை போய் நிற்கிற ஓர் இடத்தில் இருந்து.

அந்த இடம் சமையலறையில் இருந்தது. அந்த விதியை ஒரு காந்தப் பட்டையில் அச்சிட்டு, பிள்ளைகள் உள்ள வீடுகளுக்குக் கொடுத்தார்கள். அதற்கு மின்சாரம் வேண்டாம், பாடம் நடத்துபவர் வேண்டாம். ஆனாலும் அது ஒரு பெரிய வேலை செய்தது. மற்ற வீடுகளில் எல்லாம் விடுகிறார்கள், நீங்கள் மட்டும்தான் விடுவதில்லை என்பது உலகத்துப் பிள்ளைகள் எல்லோரும் பிறக்கும்போதே கொண்டுவரும் ஆயுதம். எல்லா வீட்டு ஃபிரிட்ஜிலும் அதே காந்தம் என்றதும் அந்த ஆயுதம் முனை மழுங்கிப்போனது. சண்டை இனி அப்பாவோடு இல்லை. அப்பா வெறுமனே ஃபிரிட்ஜைக் காட்டினால் போதும்.

பிள்ளையிடம் பத்து மணிக்கு வீட்டுக்கு வா என்று சொல்லிவிடலாம். சாயங்காலம் நாலு மணியிலிருந்து பத்து மணிவரை அந்தப் பிள்ளை என்ன செய்யும்? தடைகளின் பழைய கதை ஐஸ்லாந்துக்கு மறக்கவில்லை. ஒன்றைப் பிடுங்கினால் அந்த இடத்தில் இன்னொன்றை வைக்க வேண்டும். விளையாட்டுக்கும் இசைக்கும் நடனத்துக்கும் அரசுப் பணம் கூடியது. பின்னாளில் ரேக்யவிக் மாநகராட்சி, ஒவ்வொரு பிள்ளையின் பொழுதுபோக்குப் பயிற்சிக்கும் ஆண்டுதோறும் ஒரு தொகை தரும் அட்டை ஒன்றைக் கொண்டுவந்தது. பணமில்லாத வீட்டுப் பிள்ளையும் வயலின் வகுப்புக்குப் போகலாம். பனியிலும் காற்றிலும் விளையாட முடியாத ஊரில், 2000 முதல் முழு அளவுக் கால்பந்துத் திடல்களுக்கே கூரை போட்டார்கள். பயிற்சி பெற்ற பயிற்சியாளர்களை ஆறு வயதுப் பிள்ளைகளுக்கே அமர்த்தினார்கள். அந்தக் கூரைக்குக் கீழே வளர்ந்த தலைமுறை பின்னால் என்ன செய்தது என்பதை 2016 ஜூன் 27-ம் தேதி பிரான்சின் நீஸ் நகரில் இங்கிலாந்து தெரிந்துகொண்டது. சுமார் மூன்று லட்சத்து முப்பதாயிரம் பேர் வாழும் தீவு, ஐரோப்பியக் கோப்பையில் இங்கிலாந்தை 2-1 என்று வீழ்த்தியது. இரண்டு ஆண்டு கழித்து உலகக் கோப்பையில் ஆடியபோது, அதுவரை அந்தப் போட்டிக்குத் தகுதி பெற்ற நாடுகளிலேயே மக்கள்தொகையில் மிகச் சிறியது அதுதான்.

கோப்பைகளைவிட உறைக்குள் ஒட்டப்பட்ட தாள்கள்தான் முக்கியம். அவற்றின் முடிவுகள் ஆண்டுக்கணக்கில் அலமாரியில் தூங்கவில்லை. கேள்வித்தாள் எழுதிய சில வாரங்களில் ஒவ்வொரு ஊருக்கும் அந்த ஊரின் கணக்கு, ஒவ்வொரு பள்ளிக்கும் அந்தப் பள்ளியின் கணக்கு போய்ச் சேர்ந்தது. நம் பள்ளியில் இந்த ஆண்டு சிகரெட் கூடியிருக்கிறது என்று தெரிந்தால், அடுத்த பெற்றோர் கூட்டத்தில் அதுதான் பேச்சு. அந்தக் கணக்கு இப்படி இறங்கியது. 15, 16 வயதினரில் முந்தைய மாதம் போதையானவர்கள் 1998-ல் 42 சதவீதம், 2016-ல் 5. கஞ்சா பழகியவர்கள் 17-லிருந்து 7. தினமும் புகைத்தவர்கள் 23-லிருந்து 3. வார நாட்களில் பெற்றோரோடு அடிக்கடி இருக்கிறேன் என்று சொன்ன பிள்ளைகள் மட்டும் 1997-க்கும் 2012-க்கும் இடையே 23 சதவீதத்திலிருந்து 46-ஆக ஏறியிருந்தார்கள்.

எல்லாப் புகழும் இந்த ஏற்பாட்டுக்கே என்று சொல்ல நான் துணியமாட்டேன். அதே ஆண்டுகளில் ஐரோப்பாவின் வேறு பல நாடுகளிலும் பிள்ளைகளின் குடி குறைந்துதான் வந்தது. புதிதாக வந்த மின்சிகரெட் ஐஸ்லாந்தையும் விட்டுவைக்கவில்லை. ஆனால் அந்த அளவு ஆழமான சரிவை வேறு எங்கும் பார்ப்பது கடினம். 2006-ல் ரேக்யவிக்கிலிருந்து புறப்பட்ட இந்த வழிமுறை ஐரோப்பிய நகரங்களுக்கும், பிறகு அயர்லாந்தின் மேற்கு மாவட்டங்களுக்கும், சிலிவரைக்கும் போயிருக்கிறது. எல்லா ஊரும் காந்தத்தை எடுத்துக்கொள்ளவில்லை. கேள்வித்தாளை மட்டும் எல்லா ஊரும் எடுத்துக்கொண்டது.

அந்தக் குழந்தைகள் பாதுகாப்புச் சட்டத்தில் காந்தத்தைக் கடந்துபோக ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பதின்மூன்று முதல் பதினாறு வயதுவரை உள்ளவர், பள்ளி நிகழ்ச்சியிலிருந்தோ விளையாட்டுப் பயிற்சியிலிருந்தோ இளைஞர் மையத்திலிருந்தோ நேராக வீடு திரும்பிக்கொண்டிருந்தால் பத்து மணி விதி அவருக்கு இல்லை. ஜனவரி மாதத்து வெள்ளிக்கிழமை இரவு. கூரை போட்ட திடலில் பயிற்சியாளர் பந்துகளை வலைப்பைக்குள் அள்ளிப் போடுகிறார். விளக்குகள் ஒவ்வொன்றாக அணைகின்றன. மணி பத்தே கால். பெற்றோர் ரோந்து எதிரே வருகிறது. தோளில் விளையாட்டுப் பையோடு நடந்துவரும் பதினான்கு வயதுப் பெண்ணை யாரும் நிறுத்துவதில்லை.